எழுவாய் இல்லாத பாடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானதைத் தொடர்ந்து பாடத்திட்டமும் பாடநூல்களும் மாற்றப்படுவது பற்றிப் பேசப்பட்டுவரும் இவ்வேளையில், வகுப்பறைக்கென எழுதப்படும் சமூக நீதிப் பாடங்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். தென்மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், அவர் படித்த பள்ளியின் மாணவர்களாலேயே சாதிக் காழ்ப்பினால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒரு நபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறும் நெற்றிக் குறியும் பற்றிய பரிந்துரைகளே தொலைக்காட்சி விவாதங்களில் பெரிதாகப் பேசப்பட்டன. பாடத்திட்டத்தைச் சமூக நீதி, சமத்துவம், பாகுபாடின்மை ஆகிய நோக்கில் ஆராய்ந்து திருத்தவேண்டும் என்பதும் அந்தப் பரிந்துரைகளுள் ஒன்று. அது அந்தக் கூச்சலில் அமுங்கிப் போயிற்று. அரிவாள் எடுத்த பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்து நம் பாடநூல்களைப் படித்தவர்கள்தாம் என்பதை எண்ணும்போது, அமுங்கிப்போன அந்தப் பரிந்துரைதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளிகளுக்கென ஒரு தன்னார்வ அமைப்பு தயாரித்த சமூக நீதிக் கையேட்டைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னையும் வேறு மூன்று ஆசிரியர்களையும் அழைத்திருந்தார்கள். கையேட்டோடு ஒரு மதிப்பீட்டுப் படிவமும் தரப்பட்டது. அம்பேத்கர் இடம்பெற்றுள்ளாரா, பெரியார் இடம்பெற்றுள்ளாரா, அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், முத்துலட்சுமி ரெட்டி ஆகியோர் இடம்பெற்றுள்ளனரா, மாற்றுத்திறனாளிகள், திருநர் பற்றிய குறிப்பு உண்டா, படங்கள் வண்ணத்தில் உள்ளனவா எனக் கேட்டு, எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார்கள். தலைவர்களுக்கு வருகைப் பதிவேடு எடுப்பதைப் போல இருந்தது. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டேன். கையேடு முழு மதிப்பெண் பெற்றது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் எட்டாம் வகுப்புக்குள் போக எனக்குத் துணிவில்லை என்பதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் வாக்கியங்களைப் பார்க்கவேண்டும். ‘அக்காலத்தில் தீண்டாமை நிலவியது’ என்று எழுதுவது நம் பாடநூல் நடையில் வேரூன்றிவிட்ட பழக்கம். மார்கழியில் பனி நிலவுவதைப் போலத் தீண்டாமையும் தானாக வந்து நிலவிவிட்டுத் தானாகப் போய்விட்டதாக அதைப் படிக்கும் பிள்ளை எண்ணிக்கொள்கிறது. ‘காணப்பட்டது’, ‘இருந்து வந்தது’, ‘மறுக்கப்பட்டது’ என்று அடுத்தடுத்து வரும் வினைகளைப் பிடித்து நிறுத்தி ‘யாரால்?’ என்று கேட்டால் பாடத்தில் விடை கிடைக்காது. செய்தவனைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லிச் செல்வதற்குத் தமிழ் இலக்கணத்தில் இடம் உண்டு. ஆனால் நீதியைப் பற்றிய பாடத்தில் அந்த வசதியை ஒருவர் எத்தனை முறை எடுத்துக்கொள்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இத்தனைக்கும் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்ற சொல், தாழ்ந்தோர் என்று சொல்லாமல், தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார் என்பதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு இருக்கும் நேர்மை அதைச் சுற்றியுள்ள பத்திக்கு இருப்பதில்லை.

நம் பாடநூல் ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்’ என்று பல்லாண்டுகள் அச்சிடப்பட்டிருந்ததைத் தமிழ்நாட்டில் படித்த எவரும் அறிவர். ஒருநாள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் அதைப் படித்துவிட்டு, “பாவம்னா அது யாரைச் சார் சேரும்?” என்று கேட்டான். செய்கிறவர்களைச் சேரும் என்றேன். “யார் செய்யிறாங்க?” என்றான். அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது எனக்கும் தெரியும், வகுப்பில் இருந்த நாற்பது பேருக்கும் தெரியும். இந்திய அரசமைப்பின் 17ஆம் பிரிவைப் பற்றியும், 1955ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றியும் சொல்லிச் சமாளித்தேன். சட்டங்களைச் சொன்னேனே தவிர, அவன் கேட்டதற்கு விடை சொல்லவில்லை. சொல்வதற்குப் பாடநூல் எனக்குத் துணை நிற்கவில்லை என்று பழியை அதன்மேல் போடலாம். எனக்கும் அதில் பங்கு உண்டு.

செய்தவர்களைப் பெயர் சொல்லி எழுதினால் இன்றைய பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாகும் என்று பெற்றோர் சிலர் அஞ்சுவது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எழுவாய் என்பது எப்போதும் ஒரு சாதியின் பெயராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அது ஒரு நீதிமன்றமாக இருக்கலாம், ஓர் அரசாக இருக்கலாம், நிலவுடைமையாளர் சங்கமாக இருக்கலாம், ஒரு கோயில் நிர்வாகமாக இருக்கலாம். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தது தொடர்பான வழக்கு, கடைசியில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. அன்றைய சட்டம் விலக்கியவர்களின் பக்கம் நின்றது. அங்கிருந்து 31 ஆண்டுகள் தள்ளி, 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், அதுவரை விலக்கப்பட்டிருந்தவர்களோடு ஒரு குழு நுழைந்தது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசு நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் காக்கச் சட்டம் கொண்டுவந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்து, இடையில் சட்டம் ஏன் பக்கம் மாறியது என்று ஒரு பிள்ளையைக் கேட்டால், எந்தப் பிள்ளையும் தலைகுனிய வேண்டிய தேவை இல்லாமலே எல்லாப் பிள்ளைகளும் யோசிக்கவேண்டி வரும்.

மதுரை நிகழ்வைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘ஆலய நுழைவுப் போராட்டத்தை நடத்தியவர் யார்?’ என்பதே வழக்கமான வினா, ‘வைத்தியநாத ஐயர்’ என்பதே வழக்கமான விடை, ஒரு மதிப்பெண். அந்த விடை தவறன்று. தன் சுற்றத்தாரின் பகையைத் தேடிக்கொண்டு அவர் செய்த செயல், மேல்நிலையில் பிறந்த ஒரு பிள்ளை தனக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது என்பதால் அவர் பாடத்தில் இருந்தே ஆகவேண்டும். ஆனால் அன்று அந்த வாசலைக் கடந்த கால்கள் யாருடையவை என்று எந்த வினாத்தாளும் கேட்டு நான் பார்த்ததில்லை. பின்னாளில் இந்த மாநிலத்தின் அமைச்சராக விளங்கிய கக்கன் அவர்களுள் ஒருவர். அடி விழுமா, கல் விழுமா என்று தெரியாமல் உள்ளே நுழைந்தவர்கள் ‘மற்றும் சிலர்’ ஆகிவிட, அழைத்துச் சென்றவர் மட்டும் விடையாக மிஞ்சுகிறார். நீதி என்பது பெரியவர்கள் மனமிரங்கிக் கொடுப்பது, மற்றவர்கள் கைநீட்டி வாங்கிக்கொள்வது என்ற பாடத்தை அந்த ஒரு மதிப்பெண் வினா சத்தமில்லாமல் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

ஆகவே பாடநூலை மதிப்பிட அமர்கிறவர்கள் அதைப் பின்னாலிருந்து படிக்கவேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள். எங்கள் ஆசிரியர் அறையில் ‘புக் பேக்’ என்று சொல்லப்படும் பாடப் பின்வினாக்களே வகுப்பறையின் உண்மையான பாடத்திட்டம். பத்தாம் வகுப்பில் ‘தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்’ என்று ஒரு பாடம் உள்ளது. ஆறாம் வகுப்பில் பாரபட்சம், பாகுபாடு ஆகியவற்றை விளக்கும் ‘சமத்துவம் பெறுதல்’ உள்ளது. உள்ளே எவ்வளவு நல்ல செய்தி இருந்தாலும், காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது ஆசிரியரும் மாணவரும் வந்து சேருமிடம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதும், கோடிட்ட இடத்தை நிரப்புவதும், பொருத்துவதும்தான். வைக்கம் போராட்டம் தொடங்கிய ஆண்டு 1924 என்று எழுதிய பிள்ளை, தெருவில் நடக்க எதற்காக ஒரு போராட்டம் என்று ஒரு நொடியும் யோசிக்காமல் மதிப்பெண் பெற்றுச் செல்ல முடியும்.

நல்ல பாடத்தையும் கெட்ட வினா எப்படிப் பாழாக்கும் என்பதற்கு ஒரு சான்று. 2019 செப்டம்பரில், ஆறாம் வகுப்பு வினாத்தாள் என்று சொல்லப்பட்ட ஒரு தாள் சமூக ஊடகங்களில் பரவி, தமிழகத் தலைவர்கள் பலருடைய கண்டனத்துக்கு உள்ளாயிற்று. தலித்துகள் என்பதன் பொருள் என்ன என்று கேட்டுவிட்டு, வெளிநாட்டவர், தீண்டத்தகாதவர், நடுத்தர வகுப்பினர், உயர் வகுப்பினர் என்று விடைகளை அடுக்கியிருந்தார்கள். அது தங்கள் பள்ளிகளின் வினாத்தாள் அன்று என மத்திய அரசுப் பள்ளிகளை நடத்தும் கேந்திரிய வித்யாலயா சங்கதன் மறுத்தது. யாருடைய தாள் என்பது இங்கே நமக்கு முக்கியம் அன்று. அந்த வயதுப் பிள்ளைகளுக்கென, தேசிய அளவில் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பாடம், ஒரு கூட்டத்தாரை ஒரே முத்திரை குத்திப் பார்ப்பது தவறு என்று சொல்வதற்காகவே எழுதப்பட்டது. அப்படிப்பட்ட பாடத்திலிருந்தும் முத்திரை குத்தும் வினா ஒன்றைப் பிழிந்தெடுக்க முடியும் என்றால், வினாக்களைப் படிக்காமல் பாடத்துக்கு நற்சான்று தருவதில் பயன் என்ன?

சொல்லப்படுகின்ற மக்களே பாடத்தை எதிர்த்த நிகழ்வும் நமக்கு அருகிலேயே உண்டு. திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடைக்காக நடத்திய போராட்டத்தை விவரித்த பகுதி, என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றிய இயலில் இருந்தது. அதில் நாடார்களை, பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்து வந்து நாயர் நிலவுடைமையாளர்களிடம் வேலை செய்த கள்ளிறக்குவோர் என்று அறிமுகம் செய்திருந்த விதம், அந்தச் சமூகத்தாரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. வழக்குகள் வந்தன, 2016 டிசம்பரில் அப்பகுதியிலிருந்து தேர்வில் வினா கேட்கப்படாது என்று சி.பி.எஸ்.இ. அறிவித்தது; பின்னர் 2019இல் அந்த இயலே நூலிலிருந்து நீக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் மனவருத்தத்தில் நியாயம் இருந்தது. ஒரு மக்களை அவர்களுடைய இழிவைக் கொண்டே அறிமுகம் செய்வது, வகுப்பில் அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பாள் என்பதை மறந்தவர்கள் எழுதும் எழுத்து. அறிமுகத்தைத் திருத்தி எழுதியிருக்கலாம். அதை விடுத்துப் போராட்டத்தையே தூக்கியெறிந்ததில் தோற்றது அதே பெண்பிள்ளைதான். 1859ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அரசாணை அப்பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள இசைவு தந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற தடையை விட்டுவைத்தது. அந்த ஒரு வரியை மட்டும் கரும்பலகையில் எழுதி, கொடுத்தது என்ன, கொடுக்காதது என்ன, ஏன் என்று கேட்டால் ஒரு பாடவேளை போதாது. உரிமை எப்படிக் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கப்படுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நீக்குவது எளிது, அதற்குப் பாடச்சுமைக் குறைப்பு என்று பெயரும் வைத்துவிடலாம். 2022இல் என்.சி.இ.ஆர்.டி. அப்படிக் குறைத்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் மகாராஷ்டிரத் தலித் இளைஞர்களின் தலித் பேந்தர் இயக்கத்தைச் சொன்ன மக்கள் இயக்கங்கள் பற்றிய இயல் முழுவதுமாகப் போயிற்று. சுமையை யார் தோளிலிருந்து இறக்கினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்தது செயல்பாடுகள். இவற்றைப் பற்றித்தான் எனக்கு அச்சம் மிகுதி. நான் முன்பு சொன்ன கையேட்டில், மாணவர்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ‘உன் வீட்டில் படிப்பதற்குத் தனி அறை உண்டா? உன் பெற்றோர் பட்டம் பெற்றவர்களா? உன்னை எவரேனும் சாதிப் பெயரால் அழைத்தது உண்டா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைக்கேற்ப ஓர் அடி முன்னே போகவும் பின்னே வரவும் சொல்லும் விளையாட்டு ஒன்று இருந்தது. அமெரிக்கப் பயிற்சிப் பட்டறைகளில் பழகிவிட்ட முறை இது. ஒருவரையொருவர் அறியாத பெரியவர்கள் ஒரு நாள் கூடிப் பிரியும் அறையில் அதனால் பயன் விளையலாம். ஒரே ஊரில் பிறந்து, ஒரே பேருந்தில் வந்து, மாலையில் ஒரே டீக்கடையைத் தாண்டி வீட்டுக்குப் போகும் பிள்ளைகளிடம் அதை நடத்தினால், கடைசியில் பின்னே நிற்கப்போவது யார் என்பது விளையாட்டு தொடங்கும் முன்பே அனைவருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்ளப் புதிதாக எதுவும் இல்லை. பிறர் கற்றுக்கொள்வதற்கான கருவியாக அது நிறுத்தி வைக்கப்படுகிறது.

இறக்குமதிச் சரக்கு மட்டுமே இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. ‘உன் ஊரின் வரைபடத்தை வரைந்து வா’ என்பது நம் பள்ளிகளில் காலங்காலமாகக் கொடுக்கப்படும் வீட்டுப்பாடம். என் பிள்ளைகள் வரைந்து வந்த தாள்களில் கோயில், ஊருணி, பள்ளிக்கூடம், வடக்குத் தெரு, கீழத் தெரு எல்லாம் இருக்கும். ஓடைக்கு அப்பால் ஒரு கோடு இழுத்து ‘காலனி’ என்று எழுதியிருக்கும், அல்லது தாள் அதற்கு முன்பே முடிந்திருக்கும். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். பேச்சு வழக்கிலிருந்து அது நீங்க இன்னும் நாளாகும். அந்த வரைபடத்தை வைத்து நல்ல பாடம் நடத்த முடியாது என்று நான் சொல்லவில்லை. தெருவிளக்கு எங்கே முடிகிறது, குடிநீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, இடுகாட்டுப் பாதை எதன் வழியாகப் போகிறது என்று ஊராட்சியின் வேலையாக அதைப் பேசினால், விரல் எந்தப் பிள்ளையின் பக்கமும் நீளாமல் ஊர் நிர்வாகத்தின் பக்கம் நீளும். இந்த வேறுபாட்டை ஆசிரியருக்குச் சொல்லித் தரும் குறிப்பு கையேட்டில் உண்டா என்பதைத்தான் மதிப்பீட்டாளர் தேடவேண்டும்.

ஆசிரியர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சமத்துவப் பாடம் முடிந்த அடுத்த பாடவேளையில், உதவித்தொகைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எஸ்சி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. மாலைக்குள் பட்டியல் அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் சொன்னது. எழுந்து நின்றவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும் அன்று படித்த பாடம் எந்த நூலிலும் இல்லை. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரம் இருக்கக்கூடாது, உதவித்தொகை பெறும் மாணவர்களை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அடையாளப்படுத்தக்கூடாது என்று நீதிபதி சந்துரு குழு சொல்லியிருப்பதைப் படித்தபோது, என் வகுப்பறையைச் சன்னல் வழியே எவரோ பார்த்துவிட்டுப் போனதைப் போல இருந்தது. ஆசிரியர் கையேடு இல்லாமல், ஆசிரியருக்குப் பயிற்சி இல்லாமல் வரும் சமூக நீதிப் பாடத்தை, அது எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், முழுமையற்றது என்றே குறிக்கவேண்டும்.

கடைசியாக, எந்தப் பாடத்தையும் பிள்ளைகளிடம் சோதித்துப் பாராமல் மதிப்பிட முடியாது. 1949இல் சங்கர் வரைந்த, அரசமைப்பு என்னும் நத்தைமேல் அம்பேத்கர் அமர்ந்திருக்கும் கேலிச்சித்திரம் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு நூலில் இருந்தது பற்றி 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் புயல் எழுந்ததும், நூலின் முதன்மை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகியதும் பலருக்கு நினைவிருக்கும். படங்களை ஆராய அமைக்கப்பட்ட தோரட் குழு சில படங்களை நீக்கச் சொன்னபோது, அதில் இருந்த நம் ஊரறிந்த ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் மட்டும் மாறுபட்டு எழுதினார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றும் அந்த நூல் வரிசையில் இருந்ததால் தமிழகத்திலும் அப்போது சூடு பறந்தது. இரு தரப்பும் மிக நன்றாகவே வாதிட்டன. ஆயினும் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது ஒரு வகுப்பறையில் என்ன நடந்தது, சிரித்தவர் யார், சிரிக்காதவர் யார், ஆசிரியர் என்ன சொன்னார் என்பதை எவரேனும் போய்ப் பார்த்து எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

எனவே, புதிய நூல்களின் சமூக நீதிப் பாடங்கள் அச்சுக்குப் போகுமுன், ஒரு மாநகராட்சிப் பள்ளி, ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பல தெருப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி, ஒரு தனியார் பள்ளி என நான்கு இடங்களிலேனும் அவற்றை நடத்திப் பார்க்கும்படி மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பீட்டுக் குழுவில் பேராசிரியர்கள் இருக்கட்டும். அவர்களோடு அந்தப் பாடத்தை இப்போது நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்களும், அந்தப் பாடத்தைப் படித்து முடித்து ஓரிரு ஆண்டுகள் ஆன மாணவர்களும் இருக்கவேண்டும். பார்வையிடப் போகிறவர்கள் பாடவேளை முடிந்ததும் வண்டியேறிவிடாமல் சத்துணவு நேரம் வரை இருக்கவேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு யார் யாரோடு போய் உட்காருகிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு வரவேண்டும். படிவத்தில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.